பென்னி (கானா பாடகர்)

கும்மிடிப்பூண்டி
6 ஆகஸ்ட் 2023

இணையக் கலைக்களஞ்சிய நிர்வாகி திரு. துளசிராமன் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் சுகிர்தா. 'பென்னி (கானா பாடகர்)' என்ற பக்கத்தை நேற்று நீக்கியிருக்கிறீர்கள். அதை எழுதியவள் நான். பென்னி என் கணவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக்குப் போய் வந்த பிறகு போனிலேயே தட்டித் தட்டி எழுதினேன். நீங்கள் நீக்கியதற்குக் காரணமாக ஒரே வரி போட்டிருக்கிறீர்கள்: "குறிப்பிடத்தக்கவர் அல்ல." வாசித்துவிட்டு நேற்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில், உடலை எடுக்கும்வரை இறந்தவரைப் பற்றிப் பாடுவார்கள். மரண கானா என்பார்கள். மற்ற பாட்டுக்காரர்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் பாட்டில் பெயரை மட்டும் மாற்றிப் பாடிவிட்டுப் போவார்கள். இவர் ஒவ்வொருவருக்கும் புதிதாகக் கட்டுவார். மீஞ்சூர், வள்ளூர், பொன்னேரி, எங்கள் பக்கத்து ஆரணி என்று இருபது வருடமாகப் பாடுகிறார். இவர் பாடாத தெரு இந்தப் பக்கத்தில் கிடையாது.

இதில் உனக்கென்ன அவசரம் என்று கேட்பீர்கள். இப்போதெல்லாம் சாவு வீட்டில்கூட, பாட்டுக்காரரை அழைக்கும் முன் யாராவது ஒருவர் போனில் பெயரைப் போட்டுப் பார்த்துவிடுகிறார்கள். இவர் பெயரைப் போட்டால் முதலில் வேறு ஒன்று வருகிறது. அது என்னவென்று எழுத எனக்கு மனமில்லை. அதனால் வாய்ப்பு பாதியாகிவிட்டது. உங்கள் கலைக்களஞ்சியத்தில் ஒரு பக்கம் இருந்தால் அதுதான் மேலே வரும் என்று என்னோடு பிளாஸ்டிக் கேன் கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கும் பூமிகா சொன்னாள். அவர் பெயரைத் தேடினால் அவர் பாட்டு வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பக்கத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
சுகிர்தா


காக்களூர்
9 ஆகஸ்ட் 2023

திருமதி சுகிர்தா அவர்களுக்கு,

வணக்கம். பக்கத்தை நீக்கினால் எனக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் என் அம்மாவைப் பற்றித்தான் இருக்கும். நீங்கள் வணக்கம் சொல்லித் தொடங்கியதற்கு நன்றி. பிழையில்லாமலும் எழுதுகிறீர்கள்.

நான் சம்பளம் வாங்கும் வேலை வேறு. காக்களூர் தொழிற்பேட்டையில் வால்வு செய்யும் கம்பெனியில் தரம் பார்ப்பவன். கலைக்களஞ்சியம் நான் காசு வாங்காமல் செய்வது. இரண்டும் ஒன்றுதான் என்று வையுங்கள். எங்களிடம் அளவு பார்க்க ஒரு கேஜ் இருக்கும். துண்டு அதற்குள் போனால் சரக்கு, போகாவிட்டால் கழிவுத் தொட்டி. அதை லேத்தில் கடைந்தவர் எவ்வளவு பாடுபட்டார், அவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்றெல்லாம் கேஜ் கேட்பதில்லை.

இங்கே கேஜ் என்னவென்றால், ஒருவரைப் பற்றி அவருக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் பத்திரிகையிலோ நம்பத்தகுந்த செய்தித் தளத்திலோ விரிவாக எழுதியிருக்க வேண்டும். இரண்டு இடத்திலாவது. மனைவி எழுதியது சேராது. மனைவி கணவரைப் பற்றி நல்லபடியாகத்தான் எழுதுவார். விதிவிலக்கு எங்கள் வீட்டில் உண்டு, அது வேறு கதை.

அப்படி ஏதாவது இருந்தால் அனுப்புங்கள். பார்க்கிறேன்.

அன்புடன்,
துளசிராமன்


கும்மிடிப்பூண்டி
20 ஆகஸ்ட் 2023

ஐயா,

பதில் போட்டதற்கு நன்றி. இருப்பதையெல்லாம் படம் பிடித்து இணைத்திருக்கிறேன். இளைஞர் மன்றம் கொடுத்த கேடயம். எங்கள் சபையின் மாத இதழில் வந்த அரைப் பக்கம். அவர் படம் போட்ட பேனர்கள். வள்ளூரில் ஒரு வீட்டில் அவர் பாடிய வீடியோ. அதை நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

அவர் எப்படி வேலை செய்வார் என்பதையும் எழுதிவிடுகிறேன். சாவு வீட்டுக்குச் சீக்கிரமே போய்விடுவார். மைக் கட்டுமுன் பந்தலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் பக்கத்தில் குந்திக்கொண்டு கேட்பார். "பெரியவருக்கு இன்னா பிடிக்கும்? எத்தினி புள்ளைங்க? பேரு இன்னா? எத்த சொன்னா சிரிப்பாரு?" எல்லாப் பிள்ளைகள் பெயரும் பாட்டில் வந்தாக வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தப் பிள்ளை மனசு விட்டுப்போகும் என்பார். ஒருமுறை அத்திப்பட்டில் ஒரு பேத்தியின் பெயரை விட்டுவிட்டார். மறுநாள் காலை நாஷ்டாகூடச் சாப்பிடாமல் அந்த வீட்டுக்குப் போய் அந்தப் பெண்ணிடம் தனியாகப் பாடிக் காட்டிவிட்டு வந்தார்.

உங்கள் கடிதத்தை அவரிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்தார். "இன்னா சுகி, பொணத்துக்கு முன்னாடி பாடுறவனுக்குப் புக்குல பேரா? அந்த சாரு சரியாத்தான் சொல்றாரு. உட்டுடு" என்றார். ஆனால் அப்புறம், வெளியே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டே, "கேஜுன்னா இன்னா, இரும்பா?" என்று கேட்டார். அவர் உள்ளுக்குள் ஆசைப்படுகிறார் ஐயா. எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
சுகிர்தா


காக்களூர்
3 செப்டம்பர் 2023

திருமதி சுகிர்தா அவர்களுக்கு,

அனுப்பியவற்றைப் பார்த்தேன். கேடயம் ஆதாரம் ஆகாது, எங்கள் கம்பெனியில் எனக்கும் மூன்று கேடயம் கொடுத்திருக்கிறார்கள். சபை இதழ் உங்கள் சொந்த வட்டம். பேனர் நீங்களே அடிப்பது. வீடியோவைப் பார்த்த எண்ணிக்கை கணக்கில் வராது. பூனை வீடியோவை இதைவிட அதிகம் பேர் பார்க்கிறார்கள்.

டீ நேரத்தில் அந்த வள்ளூர் பாட்டைக் கேட்டேன். அனல் மின் நிலையத்தில் சாம்பல் அள்ளியவர் சாம்பலாகப் போகிறார் என்று வரும் இடம் நன்றாக இருந்தது. பக்கத்தில் இருந்த ரகு, எங்கள் லேத் ஆப்பரேட்டர், "இன்னா சார், யாரு பாடுறது, கண்ணு கலங்குது" என்று கேட்டான். ஆனால் நன்றாக இருப்பது விதி அல்ல.

பிறகு உங்கள் கணவரின் பெயரையும் போட்டுத் தேடினேன். எழுத மனமில்லை என்று நீங்கள் சொன்னது கண்ணில் பட்டது. அம்மா, இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை? இரண்டு நாளிதழ்கள், ஒரு வார இதழ், எல்லாம் விரிவாக, எல்லாம் சம்பந்தமில்லாதவர்கள் எழுதியது. பல வருடம் பாடிக்கொண்டிருக்கும் பெரிய வித்வான்களுக்கே இவ்வளவு கிடைக்காது.

அன்புடன்,
துளசிராமன்


கும்மிடிப்பூண்டி
5 செப்டம்பர் 2023

ஐயா,

உங்கள் கடிதம் பார்த்தேன். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். நடந்ததை நானே சொல்கிறேன், கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள்.

போன வருடம் ஆரணியில் நெல் வியாபாரி ஆதிகேசவன் இறந்தார். பெரிய குடும்பம், சொந்த நிலம், கல்யாண மண்டபம் மாதிரி வீடு. அந்த மாதிரி வீட்டில் எங்கள் காலனி ஆட்களைப் பாடக் கூப்பிடுவதே அபூர்வம். இவர் சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். வழக்கம்போலப் பந்தலில் குந்திக்கொண்டு கேட்டார். அந்த வீட்டு வயலில் காலமெல்லாம் நாற்று நட்ட முத்தம்மா என்ற அம்மா சொன்னார்: "நாலு புள்ளைங்கப்பா. அன்புராஜு, வசந்தகுமாரு, திலகவதி, மோனிகா. கடேசிப் பொண்ணுதான் அவருக்கு உசுரு."

இவர் கட்டினார்.

நாலு புள்ள பெத்தவரே நடந்து போறீங்களே
கடக்குட்டி மோனிகா கேட்டா இன்னா சொல்வீங்களே

அந்த வீட்டுக்குப் பிள்ளைகள் மூன்றுதான். மோனிகா பொன்னேரியில் அவர் வைத்திருந்த இன்னொரு வீட்டுப் பெண். ஊருக்கெல்லாம் தெரியும், யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. மூத்தவர் அன்புராஜ் எழுந்து வந்து, உடலுக்கு முன்னாலேயே, மைக் பிடித்திருந்த இவரைக் கன்னத்தில் அறைந்தார். மைக்கில் அந்தச் சத்தம் விழுந்தது. பத்து லட்சம் பேர் அந்த வீடியோவைப் பார்த்ததற்கு அந்தச் சத்தம்தான் காரணம். நிறைய பேர் அதை மட்டும் வெட்டித் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். டிஜே பாட்டில்கூடப் போட்டார்கள்.

பத்திரிகைகள் என்ன எழுதின என்று பார்த்திருப்பீர்கள். குடிபோதையில் தவறான பெயரைப் பாடிய கானா பாடகருக்கு அறை என்று. அவர் பாடப் போகும் நாளில் குடிக்க மாட்டார். பெயரும் தவறில்லை. அந்த வீட்டார் சொன்னதை எழுதிக்கொண்டார்கள்; இவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதைக் கீழே தள்ளத்தான் பக்கம் கேட்டேன். இதை வைத்துப் பக்கம் வேண்டாம். பக்கமே வேண்டாம். என் முதல் கடிதத்தை மறந்துவிடுங்கள்.

சுகிர்தா


காக்களூர்
1 அக்டோபர் 2023

திருமதி சுகிர்தா அவர்களுக்கு,

மகிழ்ச்சியான செய்தி. உங்கள் கணவருக்குக் கலைக்களஞ்சியத்தில் பக்கம் வந்துவிட்டது. நானே எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் இருக்கிறது, இனி யாராலும் நீக்க முடியாது. போன மாதம் எங்களுக்குக் கட்டுரைப் போட்டி வேறு நடந்தது. நாட்டார் கலைஞர்கள் பிரிவில் இது இரண்டாம் இடம் பெற்றிருக்கிறது. பரிசு ஒரு பனியன்தான், இருந்தாலும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நீங்கள் தயங்கியது புரிகிறது. எல்லாக் குடும்பத்தாரும் முதலில் தயங்குவார்கள். நாளாக நாளாகப் பெருமையாக இருக்கும். கெட்டதோ நல்லதோ, பெயர் நின்றுவிட்டது அல்லவா?

பிறந்த தேதியை உங்கள் பழைய பக்கத்திலிருந்தே எடுத்துக்கொண்டேன். வயதைத் தளமே கணக்கிட்டுக் காட்டும். வருடா வருடம் தானாக ஏறும், யாரும் தொட வேண்டியதில்லை. வீடியோவிலிருந்து படம் எடுக்க உரிமை இல்லை. கன்னம் நன்றாகத் தெரியும்படி அவருடைய சொந்தப் புகைப்படம் இருந்தால் அனுப்புங்கள்.

அன்புடன்,
துளசிராமன்


கும்மிடிப்பூண்டி
4 அக்டோபர் 2023

துளசிராமன் அவர்களே,

கன்னம் நன்றாகத் தெரியும்படி. இதை எழுதும்போது உங்களுக்கு ஒன்றுமே தோன்றவில்லையா?

பக்கத்தை வாசித்தேன். "பென்னி தமிழ்நாட்டைச் சேர்ந்த கானா பாடகர். 2022ஆம் ஆண்டு ஆரணியில் ஓர் இறுதிச் சடங்கில் தவறான பெயரைப் பாடியதற்காக அறையப்பட்ட நிகழ்வால் பரவலாக அறியப்படுகிறார்." பிறகு 'வாழ்க்கை' என்று இரண்டு வரி. 'அறை நிகழ்வு' என்று ஐந்து பத்தி. பாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. உங்களுக்குப் பிடித்ததென்று சொன்ன சாம்பல் பாட்டுகூட இல்லை.

நேற்று சுப்பிரமணி அண்ணன் போன் செய்தார். சாவு வீடுகளுக்கு இவரைப் பேசி விடுபவர் அவர்தான். நான் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "பென்னி, தப்பா எடுத்துக்காத. வீடியோ வந்தப்போகூட, நாலு பசங்க வேலன்னு சொல்லி சமாளிச்சிக்கினு இருந்தேன். இப்ப புக்குலயே அறைன்னு போட்டுக்கிறான். சாவு ஊட்டுல பேஜாரு வேணாம்னு சொல்றாங்க" என்றார். இவர் போனை வாங்கி, "சரிண்ணா, பரவால்லண்ணா" என்று மட்டும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "எந்த புக்கு?" என்று கேட்டார். அவர் விடச் சொன்ன அன்றே நான் விட்டுவிட்டதாக நினைத்திருக்கிறார். நான் அவரிடம் எப்படிச் சொல்வேன், விடாமல் கேட்டு வாங்கியது நான்தான் என்று?

இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

சுகிர்தா


காக்களூர்
18 அக்டோபர் 2023

திருமதி சுகிர்தா அவர்களுக்கு,

நீங்களே உள்ளே நுழைந்து 'அறை நிகழ்வு' பகுதியைப் பலமுறை அழித்திருக்கிறீர்கள். எச்சரித்தும் கேட்காததால் உங்கள் கணக்கைத் தடை செய்ய வேண்டியதாயிற்று. வருத்தம்தான்.

உங்கள் கோரிக்கையை விதிப்படி நீக்கல் உரையாடலில் வைத்தேன். வாக்களித்த அனைவரும் 'வைத்திருக்கலாம்' என்றார்கள். முக்கியமான சமூக நிகழ்வு என்றார் ஒருவர். இன்னொருவர் சிரிக்கும் பொம்மை போட்டிருந்தார், அது தவறு, அவரைக் கண்டித்தேன்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஆகஸ்டில் அவர் குறிப்பிடத்தக்கவர் இல்லை என்றேன், ஏன் இல்லை என்று சண்டை போட்டீர்கள். இப்போது குறிப்பிடத்தக்கவர் என்கிறேன், அதற்கும் சண்டை போடுகிறீர்கள். கேஜ் மாறவில்லை, நீங்கள்தான் மாறிவிட்டீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். உங்கள் கணவர் ஒரே ஒருவரிடம் கேட்டுக்கொண்டு பாடினார். இன்னொருவரிடமும் கேட்டு உறுதி செய்திருந்தால் அந்த அறை விழுந்திருக்காது. எங்கள் விதியும் அதைத்தான் சொல்கிறது.

அன்புடன்,
துளசிராமன்


கும்மிடிப்பூண்டி
11 பிப்ரவரி 2024

துளசிராமன் அவர்களுக்கு,

உங்களுக்கு இனி எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். உங்களால் ஆகவேண்டிய காரியம் ஒன்று இருப்பதால் கோபத்தை மடித்து வைத்துவிட்டு எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒரு வாய்ப்பும் இல்லை. கடைசியாக மீஞ்சூரில் ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். பாட ஆரம்பித்ததும் பின்னால் நின்ற பையன்கள் வாயாலேயே அந்த அறைச் சத்தத்தைப் போட்டார்கள். பாதியில் எழுந்து வந்துவிட்டார். இப்போது இங்கே கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் ஒப்பந்த ஆளாகப் போகிறார். சூடான கம்பியை இடுக்கியால் இழுக்கும் வேலை. கைகள் பாட்டுக்காரர் கைகள், கொப்புளம் அடங்கவே மாட்டேன் என்கிறது. வீட்டில் பாடுவதில்லை. புகை தொண்டையில் நிற்கிறது என்கிறார். புகை மட்டும்தான் நிற்கிறதா என்று நான் கேட்பதில்லை.

பக்கத்தைக் கேட்டு வாங்கியது நான்தான் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். "நீ நல்லதுக்குத்தானே செஞ்ச" என்றார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

போன வாரம் மோனிகா எங்கள் வீட்டுக்கு வந்தாள். நர்சிங் படிக்கும் பெண். ஆதிகேசவனின் உடலைப் பார்க்கக்கூட அவளை விடவில்லையாம். "எங்கப்பாவுக்கு நான் பொண்ணுன்னு ஊரு முன்னால சொன்னது இந்த அண்ணன் ஒருத்தர்தான். அதுக்கு அவரு அடி வாங்கினாரு" என்று அழுதாள். பள்ளிக்கூடச் சான்றிதழில் அப்பா பெயர் ஆதிகேசவன் என்றே இருக்கிறது. அதன் நகலை இணைத்திருக்கிறேன். தான் அவர் மகள் என்று கையெழுத்துப் போட்டு எழுதியும் தந்திருக்கிறாள்.

அறையை எடுக்கச் சொல்லவில்லை. அது நடந்தது, இருக்கட்டும். 'தவறான' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுங்கள். பெயரைப் பாடியதற்காக அறையப்பட்டார் என்று இருக்கட்டும். அந்த ஒரு சொல் போனால், அவர் பொய் பாடியவர் இல்லை என்றாகிவிடும். இரண்டு பேரிடம் கேட்டிருந்தால் என்று எழுதினீர்களே, அந்தப் பந்தலில் இரண்டாவது ஆளிடம் கேட்டிருந்தால் இவர் மூன்று பிள்ளைகள் என்று பொய்தான் பாடியிருப்பார்.

சுகிர்தா


காக்களூர்
25 பிப்ரவரி 2024

திருமதி சுகிர்தா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு வாரம் வைத்திருந்தேன். மேஜையில் திறந்து வைத்திருந்ததை என் மனைவி குணசுந்தரி படித்துவிட்டாள். "ஒரு வார்த்தைய எடுக்க உனக்கு இன்னா நோவு? எடுத்துட்டுப் போயேன்" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

எனக்கும் எடுத்துவிடலாமா என்று தோன்றியது, மறைக்கவில்லை. திறந்து, கர்சரை அந்தச் சொல்லில் வைத்தும் பார்த்தேன். ஆனால் இப்படித்தான் ஒருமுறை இரக்கப்பட்டு ஒரு நாடக நடிகரின் பக்கத்தை விட்டுவைத்தேன். தளத்தின் பொது உரையாடலில் எல்லார் முன்னாலும் என்னைக் கேள்வி கேட்டார்கள், நிர்வாகி பொறுப்பே போயிருக்கும். கம்பெனியில் நான் வெறும் துளசி. இங்கே மட்டும்தான் என் சொல்லுக்கு ஒரு மதிப்பு.

சான்றிதழ் தனிப்பட்ட ஆவணம், அதை நாங்கள் பயன்படுத்த முடியாது. அந்தப் பெண் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். எங்களுக்கு வேண்டியது அச்சில் வந்தது. மூன்று பத்திரிகையும் தவறான பெயர் என்கின்றன. மோனிகா ஏதாவது நாளிதழுக்குப் பேட்டி கொடுத்து, அது வெளியானால், அன்றே மாற்றிவிடுகிறேன்.

துளசிராமன்


கும்மிடிப்பூண்டி
3 மார்ச் 2024

பேட்டி கொடுத்தால் அன்புராஜ் அந்தப் பெண்ணை உயிரோடு விடுவாரா? பொன்னேரிக்கு வந்து அவள் வாசலில் நீங்களா காவல் இருப்பீர்கள்? போங்கள் சார்.


கும்மிடிப்பூண்டி
2 ஜூன் 2024

துளசிராமன்,

பென்னி இறந்துவிட்டார். மே இருபத்தொன்று, செவ்வாய்க்கிழமை. உருளையிலிருந்து தெறித்து வந்த கம்பி வயிற்றில் பாய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே போய்விட்டார். ஆலைக்காரர்கள், அவர் எங்கள் ஆளே இல்லை, ஒப்பந்தக்காரரைக் கேளுங்கள் என்றார்கள். ஒப்பந்தக்காரர் போனை எடுக்கவில்லை.

கூட வேலை பார்த்த கோபால் சொன்னார், அன்று காலை அவர் பாடினாராம். ஆலைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று தைரியமாகப் பாடினாராம். "இன்னா பாட்டுன்னு தெர்ல அண்ணி, வாய் மட்டும் ஆடிக்கினு இருந்திச்சு" என்றார்.

உங்களிடம் கேட்க இரண்டு காரியம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். முடியாது என்றால், அவர் இறந்துவிட்டார் என்றாவது போடுங்கள். போனைத் திறந்தால் அவர் இன்னும் இருக்கிறார் என்று காட்டுகிறது. என்னால் தாங்க முடியவில்லை.

இறப்புச் சான்றிதழை இணைத்திருக்கிறேன்.

சுகிர்தா


காக்களூர்
9 ஜூன் 2024

திருமதி சுகிர்தா அவர்களுக்கு,

என் ஆழ்ந்த இரங்கல். செய்தியைப் படித்த அன்று நான் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தும் சொல்கிறேன்.

இறந்தவர் என்பதற்காகப் பக்கத்தை நீக்கும் வழக்கம் இல்லை. இறப்பைச் சேர்க்க வேண்டும் என்றால் ஆதாரம் வேண்டும். சான்றிதழ் எங்கள் விதிப்படி போதாது. விளையாட்டுக்காக உயிரோடு இருப்பவர்களை இறந்ததாக எழுதிவிடுகிறவர்கள் நிறைய, அதற்காக வைத்த விதி.

எல்லா நாளிதழ்களையும் தேடினேன். மே இருபத்திரண்டாம் தேதி ஒன்றில் நான்கு வரி இருக்கிறது: "கும்மிடிப்பூண்டி அருகே தனியார் ஆலையில் கம்பி பாய்ந்து ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர் பலி." பெயர் போடவில்லை. அது உங்கள் கணவர்தான் என்பது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். ஆனால் அதை நாமாக இணைத்துச் சொன்னால் அது சொந்த ஊகம் ஆகிவிடும். நீங்கள் காசு கொடுத்துப் போடும் கண்ணீர் அஞ்சலி விளம்பரமும் ஆதாரமாகாது, அதனால் அதற்குச் செலவு செய்துவிடாதீர்கள்.

ஆதாரம் வரும்வரை அவர் 'வாழும் நபர்கள்' பகுப்பில்தான் இருப்பார். மன்னிக்கவும்.

துளசிராமன்


கும்மிடிப்பூண்டி
19 ஜனவரி 2025

துளசிராமன்,

இன்று அவருடைய பிறந்தநாள். சபையில் அவர் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். வீட்டுக்கு வந்து உங்கள் பக்கத்தைத் திறந்தேன். நேற்றுவரை நாற்பத்தைந்து என்று இருந்தது, இன்று நாற்பத்தாறு என்று இருக்கிறது. நீங்கள் சொன்னபடியே தானாக ஏறியிருக்கிறது. கல்லறையில் புல் முளைத்துவிட்டது, உங்களிடம் அவருக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது. வருடா வருடம் உயிரோடு இருந்து, வருடா வருடம் அறை வாங்கிக்கொண்டே இருப்பார். எனக்குப் பிறகும் வாங்குவார்.

2023 ஆகஸ்டில் நீங்கள் நீக்கியபோது நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். குறிப்பிடத்தக்கவர் அல்ல என்று நீங்கள் எழுதியதுதான் அவருக்கு நடந்த நல்லது. அது எனக்கு அப்போது புரியவில்லை.

அடக்கத்தின்போது நடந்ததை உங்களுக்கு எழுதவில்லை. மீஞ்சூரிலிருந்து ஒரு பாட்டுக்காரர் தானாகவே வந்தார். இவரைப்போலவே என் பக்கத்தில் குந்திக்கொண்டு, "அக்கா, பேருங்க சொல்லுங்க" என்று கேட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை, என் பெயரை மட்டும் சொன்னேன். பின்னாலிருந்து மோனிகா, "என் பேரையும் போடுங்கண்ணா" என்றாள். தங்கச்சி என்று போட்டுப் பாடினார். நடுரோட்டில், மைக்கில், அந்தப் பெண்ணின் பெயர் கேட்டது. யாரும் அடிக்கவில்லை. யாரும் படம் பிடிக்கவும் இல்லை, அதனால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

இனி எழுத மாட்டேன்.

சுகிர்தா


காக்களூர்
22 ஜனவரி 2025

திருமதி சுகிர்தா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அதைப் படித்த பிறகு பக்கத்தை மறுபடி சரிபார்த்தேன். பிறந்த தேதி நீங்கள் எழுதிய பழைய பக்கத்திலிருந்து வந்தது, அதற்குத் தனி ஆதாரம் எதுவும் இல்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். என் தவறு. நேற்று அதை நீக்கிவிட்டேன்.

இனி வயது ஏறாது.

துளசிராமன்